கினபாலு ஏறும் முன் மெக்ரிட்சியில் ஒரு நீண்ட நடை: சிங்கப்பூரில் முதல்முறை பயிற்சி எடுப்பவர்களுக்கு

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள கினபாலு மலை ஏற வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேர் முடிவு செய்தபோது எங்களில் ஒருவருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறோமே, அது போதாதா என்று நினைத்தோம். முதல் பயிற்சி நடைக்கு ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்கு மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்காவுக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான். காட்டுக்கு மேலே தொங்கும் மர உச்சிப் பாலம் (ட்ரீடாப் வாக்) திங்களன்று மூடியிருக்கும் என்பது பாலத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பும் வழியில் ஒரு நண்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் தீர்ந்துபோய், அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்தோம். அன்று எங்களுக்குத் தெரியாமல் போனதை எல்லாம் நீங்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. மலைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கினபாலுவில் பிடிவாதமான விஷயம் படுக்கை எண்ணிக்கை. மேலே பனலபானில் ஓர் இரவு தங்கித்தான் உச்சிக்குப் போக வேண்டும். அங்கே இடம் குறைவு. வாரயிறுதியும் பள்ளி விடுமுறையும் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு முன் தேதியைப் பதிவு செய்யுங்கள். பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். நான் சொல்லும் நீண்ட நடை, அதாவது 20 கி.மீ. ஒத்திகை, மலைக்கு மூன்று வாரம் முன்னதாக வர வேண்டும். அதைவிட நெருக்கமாக வைத்தால் வலியும் கொப்புளமும் ஆறாமலே விமானம் ஏறுவீர்கள். நாலு வாரத்துக்கும் மேல் முன்னால் தள்ளினால் கால் பழையபடி ஆகிவிடும்.

முதல் நாலு வாரம், வாரயிறுதியில் 8 கி.மீ. போதும். அடுத்த நாலு வாரம் 12 கி.மீ. ஒன்பதாம் வாரம்தான் 20. அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இடையில் வார நாள்களில் இரண்டு மாலை படிக்கட்டு. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. காலுக்கு முன் காகிதம்

பயிற்சியை நன்றாக முடித்துவிட்டுக் காகிதத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே புதுப்பிக்கப் போடுங்கள், வாரக்கணக்கில் ஆகலாம். புதிய பாஸ்போர்ட் வந்தவுடன் அந்த எண்ணை வேலை அனுமதிப் பதிவிலும் மாற்றச் சொல்லி நிறுவனத்தில் கேளுங்கள். எங்களில் ஒருவர் இதை மறந்துவிட்டு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பதறிக்கொண்டு ஓடினார்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தந்திருக்கிறது. 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா வேண்டாம் என்றாலும் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் செய்யலாம், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். சிங்கப்பூருக்கு விமானத்தில் திரும்பி வரும்போதும் இதேபோல எஸ்ஜி வருகை அட்டை உண்டு. நீண்டகால அனுமதி உள்ளவர்களும் அதை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்தான்.

இனி நம் ஆட்களுக்கே உரிய சிக்கல், பெயர். பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். அலுவலகத்திலோ இனிஷியலோடு எழுதிப் பழக்கம். மலைப் பதிவு, விமானச் சீட்டு, வருகை அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது அப்படியே வர வேண்டும். இனிஷியல் போடாதீர்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்த விமான நிறுவனம் இரண்டாம் கட்டத்தில் எதை எழுதச் சொல்கிறது என்று பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். எங்கள் குழுவுக்காகப் பதிவு செய்தவர் எல்லாருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் படமாக வாங்கி, அதைப் பார்த்தே தட்டச்சு செய்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மலைக்கு அனுமதிச் சீட்டு, காப்பீடு, வழிகாட்டி மூன்றும் கட்டாயம். இவற்றைத் தங்குமிடத்தோடும் சாப்பாட்டோடும் சேர்த்துத் தொகுப்பாக விற்பார்கள். எது தொகுப்பில் உண்டு, எதை அங்கே போய் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் மலேசியருக்கு உள்ளதைவிட அதிகம், விலைப் பட்டியலில் தவறான வரியைப் பார்த்துவிடாதீர்கள்.

மெக்ரிட்சி நடைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து நடக்க அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அடையாள அட்டை மட்டும் பையில் இருக்கட்டும்.

3. யாரோடு நடப்பது

மலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இந்த நடைக்கு வர வேண்டும். ஒரே ஒருவர் வராவிட்டாலும் தேதியை மாற்றுங்கள் என்பேன். ஐந்து பேருக்கும் ஐந்து வேகம். அந்த வேறுபாட்டை மலையில் போய்க் கண்டுபிடித்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வேகமானவர் கடைசியில் வரட்டும். முதல் நாள் எங்களுக்கு இது தலைகீழாக இருந்தது. முன்னால் போனவர்கள் திருப்பத்தில் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்கள், பின்னால் வந்தவர் மூச்சு வாங்கச் சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார்கள். அதாவது, ஓய்வு அதிகம் வேண்டியவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை. கால் பிடித்துக்கொண்டது அவருக்குத்தான்.

நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர் நீண்ட நடையன்று எப்போது சாப்பிடுவது, மாத்திரையை என்ன செய்வது என்று அப்போதே கேட்டு வையுங்கள். மலை உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய்க்கான மாத்திரையும் மருத்துவர் சொன்னால் மட்டும். நண்பர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

4. நாளும் நேரமும்

காட்டுப் பாதைகள் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை. மர உச்சிப் பாலம் செவ்வாய் முதல் வெள்ளி வரை 9 மணிக்கும், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் 8.30க்கும் திறக்கும், மாலை 5 மணிக்கு மூடும். திங்களன்று விடுமுறை, அது பொது விடுமுறையாக இருந்தால் மட்டும் திறப்பார்கள்.

ஞாயிறு மட்டுமே ஓய்வு உள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஞாயிறு பத்து மணிக்கு மேல் பாலத்தில் கூட்டம் சேரும். ஏழு மணிக்கே நடக்கத் தொடங்கினால் ஒன்பதுக்குள் பாலத்தைத் தொட்டுவிடலாம். நடையைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காட்டுக்குள் மாட்டினால் ஒதுங்க இடம் அரிது.

புறப்படும் முன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மூன்றைப் பாருங்கள்: மழை, மின்னல் எச்சரிக்கை, வெப்ப அழுத்த அளவு. அந்த அளவு 33ஐத் தொட்டால் அதிகம் என்று பொருள், நீண்ட நடையைத் தள்ளிப் போடுங்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினாலும் அப்படியே. டிசம்பர், ஜனவரி மழையில் பலகைப் பாதை வழுக்கும். நல்ல புயல்மழை அடித்த மறுநாள் காட்டுக்குள் போகாமல் இருப்பது நல்லது, கிளைகள் விழும்.

5. பை, காலணி, செலவு

மலைக்குக் கொண்டுபோகும் அதே பையை, அதே எடையோடு தூக்குங்கள். எங்களுக்கு அது ஆறு கிலோ. வெறும் கையோடு 20 கி.மீ. நடந்தால் தூரம் தெரியும், தோள் தெரியாது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். இரண்டு லிட்டரோடு தொடங்கி வழியில் நிரப்பிக்கொள்ளலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ஆபத்து. வியர்வையில் உப்பும் போகிறது. ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு போதும், காசும் குறைவு. சாப்பிட எலுமிச்சை சாதம், பேரீச்சை, கடலை மிட்டாய். தேக்காவில் எல்லாம் கிடைக்கும். தயிர்சாதம் இந்த வெயிலில் மதியம் வரை தாங்காது.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். குரங்குகளுக்கு அந்தச் சரசரப்புச் சத்தமே சாப்பாடு என்று பழகிவிட்டது, நேராக வந்து பறிக்கும். எல்லாம் முதுகுப் பைக்குள், ஸிப் மூடியிருக்க வேண்டும். பாவம் என்று ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். காட்டு விலங்குக்கு உணவு தருவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், மனிதரிடம் பழகிய குரங்கு கடைசியில் பிடிபட்டு அழியும். அதை நினைத்தாவது கொடுக்காதீர்கள்.

காலணி விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது கால் முன்னால் சறுக்கி நகம் இடித்துக் கறுத்துவிடும். எனக்கு இரண்டு நகம் போனது. நடைக்கு இரண்டு நாள் முன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்திக் காலுறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும். ஓட்டக்காரர்கள் போடும் மெல்லிய செயற்கை நூல் காலுறை இரண்டு ஜோடி வாங்கி, பாதி வழியில் மாற்றுங்கள். தொடை உரசும் இடத்தில் வாசலின். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் முன்பே சொல்வதில்லை, அதனால்தான் எல்லாரும் முதல்முறை அவதிப்படுகிறார்கள்.

எனக்கு ஆன செலவு: காலணி 85 வெள்ளி, காலுறை 20, மழைச்சட்டை 30, தலைவிளக்கு 18. இவை நான்கும் மலைக்கும் உதவும். நடையன்று பேருந்து, ரயிலுக்கு ஒரு வழி மூன்று வெள்ளிக்குள் அடங்கும். சாப்பாடும் பானமும் பத்து வெள்ளி. பூங்கா, பாலம், கழிப்பறை எதற்கும் காசில்லை.

6. பாதை

கால்டிகாட் எம்ஆர்டியில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் பூங்கா. வசதி நிலையத்தில் கழிப்பறையும் குளிக்கும் இடமும் உண்டு. அங்கேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். குடை, கைப்பை போன்ற கையில் பிடிக்கும் பொருள் எதுவும் வேண்டாம், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

முதல் பகுதியில் நீர்த்தேக்கக் கரையை ஒட்டிப் பலகைப் பாதை போகும். ஒருபுறம் தண்ணீர், தலைக்கு மேல் மரம். சுகமாக இருக்கும், வேகமும் தானாகக் கூடும். அங்கேதான் கட்டுப்படுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போங்கள்.

அப்புறம் மண் பாதை. கல்லும் வேரும் ஏற்ற இறக்கமுமாக ரேஞ்சர் நிலையம் வரை போகும். தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ நாலரை கி.மீ. அங்கே கழிப்பறை உண்டு, தண்ணீர் நிரப்பலாம். கட்டாயம் பத்து நிமிடம் உட்காருங்கள், காலணியைக் கழற்றிப் பாருங்கள். எங்கேயாவது சுடுகிற மாதிரி இருந்தால் அது கொப்புளத்தின் முன்னறிவிப்பு, அப்போதே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று விட்டால் அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும்.

அங்கிருந்து பாலத்துக்கு ஏற்றம். பாலம் 250 மீட்டர் நீளம், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒருவழிப் பாதை என்பதை நினைவில் வையுங்கள். நுழைந்தால் மறுமுனையில்தான் வெளியே வர முடியும். தவறான முனைக்குப் போனால் திரும்பிச் சுற்றி வர வேண்டியதுதான். உயரத்துக்குப் பயப்படுகிற நண்பர் இருந்தால் இது அவருக்கு நல்ல சோதனை. கினபாலுவில் இதைவிட வெட்டவெளியான பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும், அதுவும் இருட்டில். இங்கே பாதியில் உறைந்து நின்றவர் அதைப் பற்றி மற்றவர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

பாலத்தைத் தாண்டியதும் பெட்டாலிங் பாதையில் படி படியாக இறங்கி ஏறி மறுபடி ரேஞ்சர் நிலையத்துக்கு வருவீர்கள். இந்தப் படிகள்தான் முழுச் சுற்றிலும் மலையை அதிகம் நினைவுபடுத்தும் இடம். வந்த வழியே பூங்காவுக்குத் திரும்பினால் ஒரு சுற்று சுமார் 11 கி.மீ. ஓய்வோடு நாலு மணி நேரம்.

இங்கே பெரும்பாலானோர் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அரை மணி நேரம் சாப்பிட்டு, காலுறை மாற்றி, மறுபடி ரேஞ்சர் நிலையம் வரை போய்த் திரும்புங்கள். இன்னொரு 9 கி.மீ. நடையின் பயனே இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு எழ மனம் வராது, முட்டி விறைத்திருக்கும், ஒருவருக்கு எரிச்சல் வரும், இன்னொருவர் பேசவே மாட்டார். மலையில் இரண்டாம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பும்போது இதே மனநிலைதான் இருக்கும். அப்போது யார் யாரை எப்படித் தேற்ற வேண்டும் என்று நாங்கள் மெக்ரிட்சியில்தான் கற்றுக்கொண்டோம். கால் பிடித்துக்கொண்ட அதே நண்பர் அன்று எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தார்.

இரண்டாம் பாதிக்குக் கிளம்பும்போதே வெயில் ஏறியிருந்தாலோ, தூரத்தில் இடி கேட்டாலோ அதை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

7. எப்போது நிறுத்துவது

தலைசுற்றல், குமட்டல், வெயிலில் நின்றும் மேல் சிலிர்ப்பது, பேச்சு குழறுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் நடையை நிறுத்தி நிழலில் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். பேச்சு தடுமாறினாலோ மயங்கினாலோ 995க்கு அழையுங்கள். காட்டுக்குள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்வது கடினம். அதனால் தாண்டும் ஒவ்வொரு வழிகாட்டிப் பலகையையும் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே வரட்டும்.

8. படிக்கட்டு

மெக்ரிட்சி தூரத்துக்கும் பொறுமைக்கும் பழக்கும். உயரத்துக்கு அது போதாது. கணக்கைப் பாருங்கள். மலைப் பாதை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது, தங்குமிடம் 3,272 மீட்டரில். முதல் நாள் மட்டும் 1,400 மீட்டர் ஏற்றம், ஆறு கி.மீ. தூரத்தில். சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். 25 மாடி வீவக (எச்டிபி) புளோக் ஒன்றைக் கீழிருந்து மேலே ஏறினால் ஏறக்குறைய 70 மீட்டர். அப்படி இருபது முறை ஏறினால்தான் முதல் நாள் கணக்கு ஆகும்.

நாங்கள் நாலு முறையில் தொடங்கிப் பன்னிரண்டு வரை கொண்டுபோனோம். இதில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குவது. முதல் ஒரு மாதம் முட்டி பழகும் வரை அது சரி. அதன் பிறகு பாதி முறையாவது நடந்தே இறங்குங்கள். மலையில் இரண்டாம் நாள் 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டு, அன்றே வாயில் வரை 2,200 மீட்டர் இறங்க வேண்டும். ஏறும்போது அழுதவர்களை நான் பார்க்கவில்லை. இறங்கும்போது அழுதவர்களைப் பார்த்தேன். பின்னோக்கித் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

புளோக் படிக்கட்டில் இரவு ஒன்பதுக்கு மேல் போகாதீர்கள், சத்தம் போடாதீர்கள். அங்கே குடியிருப்பவர்களின் வீட்டு வாசல் அது.

9. மலையின் நேரக் கட்டுப்பாடும் உங்கள் நடை வேகமும்

திம்போஹோன் வாயிலில் காலை 10.30க்குள் ஏறத் தொடங்க வேண்டும். மறுநாள் சயாட்-சயாட் சோதனைச் சாவடியை அதிகாலை 5 மணிக்குள் தாண்டாவிட்டால் உச்சிக்கு விட மாட்டார்கள். அதனால் நீண்ட நடையன்று ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆறு கிலோ பையோடு 20 கி.மீ. நடையை ஏழு மணி நேரத்துக்குள் முடித்தால் தேறிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் தாண்டினால் மூன்று வாரம் இன்னும் இருக்கிறது, படிக்கட்டைக் கூட்டுங்கள். கடல்மட்டத்தில் செய்கிற எந்தப் பயிற்சியும் உயர நோயைத் தடுக்காது. மலையில் தலைவலியோடு வாந்தியும் வந்தால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

நடை முடிந்ததும் அப்படியே ரயிலில் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி விடுங்கள். குளித்து, உலர்ந்த சட்டை மாற்றி, அப்பர் தாம்சன் பக்கம் போனால் பரோட்டா கடைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தே அன்றைய நேரக் குறிப்பையும் யாருக்கு எங்கே வலித்தது என்பதையும் ஒருவர் எழுதி வைக்கட்டும். மறுநாள் காலை எல்லாரும் அவரவர் புளோக்கில் இரண்டு மாடி நடந்து இறங்கிப் பார்த்து, முட்டி எப்படி இருக்கிறது என்று குழுவில் சொல்லுங்கள். யாருக்காவது நாலு நாளாகியும் வலி குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது.